பழைய மோட்டார் சைக்கிள், நாலைந்து நாள் நின்றால் பற்றரி இறங்கிவிடுகிறது. கரண்ட் எங்கே போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் கேள்வியில் இருப்பது இவ்வளவுதான்: 2010ஆம் ஆண்டு 150 சீசீ பைக், போன வருடம் போட்ட பற்றரி. தினமும் ஓடினால் பிரச்சினை இல்லை. நாலைந்து நாள் வீட்டில் நின்றால் செல்ப் அடிக்காது. கராஜில் கொண்டுபோய்க் காட்டினால் பற்றரியை மாற்றச் சொல்கிறார்கள். வீடு காத்தான்குடியில், கடற்கரையிலிருந்து இரண்டு வீதி தள்ளி.

மாற்ற வேண்டாம், பொறுங்கள். இதே கதை என் பைக்கிலும் நடந்தது. ஒரே வருடத்தில் இரண்டு பற்றரி வாங்கிய பிறகுதான் நான் மீற்றரைக் கையில் எடுத்தேன். அந்தக் காசும் அலைச்சலும் உங்களுக்கு வேண்டாம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் வீடு மட்டக்களப்பு கல்லடியில். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. பைக் 2008ஆம் ஆண்டு எடுத்தது. வேலை அம்பாறையில். திங்கள் விடிய பஸ் ஏறினால் வெள்ளி பின்னேரம்தான் திரும்புவேன், கிழமை நாட்களில் பைக் விறாந்தையோரம் நிற்கும். 2022இல் நாட்டில் பெற்றோல் இல்லாமல் அது வாரக்கணக்கில் நின்றபோது பழைய பற்றரி செத்தது. அப்புறம் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்து கிழமைக்கு நாலு லீற்றர் கிடைத்தாலும் பெரிதாக ஓடவில்லை. அந்தச் சாவு நியாயமான சாவு. 2023 தொடக்கத்தில் புதிது போட்டேன். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி எல்லாம் நன்றாக ஓடியது. ஐப்பசியில் மழை பிடிக்க வெள்ளிக்கிழமைகளில் செல்ப் இழுக்கத் தொடங்கியது. கார்த்திகையில் கிக் மட்டும்தான். மார்கழியில் இன்னொரு பற்றரி. தை பிறந்தபோது அதுவும் அதே மாதிரி.

இதில் ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. எங்கேயோ கரண்ட் கசிகிற பைக்கில் புதுப் பற்றரி போட்டால் சில மாதம் எல்லாம் சரியாகிவிட்டது போலவே இருக்கும். 9 அம்பியர் மணி (Ah) கொள்ளளவுள்ள பற்றரியில் பாதி போனாலும் மிச்சம் ஒரு தரம் செல்ப் அடிக்கக் காணும். ஆனால் ஈயப் பற்றரி பாதிக்குக் கீழே இறங்கி அப்படியே கிடந்தால் தகடுகளில் சல்பேற் படிந்து கெட்டியாகிவிடும், ஒவ்வொரு தடவையும் கொள்ளளவு கொஞ்சம் குறையும். ஆறு மாதத்தில் அந்த 9 நாலாகியிருக்கும். அந்த நேரத்தில் கராஜில் பார்த்தால் பற்றரி கெட்டிருப்பது உண்மைதான். ஆனால் அதைக் கெடுத்தது எது என்று யாரும் தேடுவதில்லை, அடுத்ததையும் அதே வாயில் கொண்டுபோய் வைக்கிறோம். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 வரை திறக்காததால் பழைய பைக்கை வைத்து ஓட்டுகிறவர்கள்தான் எங்கள் பக்கத்தில் அதிகம். அதனால் இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் உரியதல்ல.

சரி, தொடங்குவோம். முதலில் பற்றரி நல்லதா என்று தெரிய வேண்டும். இதற்கு எந்தத் திறமையும் தேவையில்லை. பற்றரியை வெளியே சார்ஜ் பண்ணி நிரப்புங்கள். சார்ஜரைக் கழற்றி நாலைந்து மணித்தியாலம் விட்டு வோல்ற் பாருங்கள். நல்ல பற்றரி என்றால் 12.6 தொடக்கம் 12.8 வரை நிற்கும். பிறகு நெகற்றிவ் வயரைக் கழற்றிய நிலையிலேயே பைக்கில் நாலு நாள் விடுங்கள். நாலாம் நாளும் 12.6க்குப் பக்கத்தில் இருந்தால் பற்றரி நல்லது, கரண்டைக் குடிப்பது பைக். கழற்றி வைத்த பற்றரியே 12.2, 12.0 என்று இறங்கினால் கோளாறு பற்றரிக்குள், மாற்றத்தான் வேண்டும். 10.5 அளவில் வந்து நின்றால் ஒரு செல் போய்விட்டது என்று அர்த்தம். இந்த ஒரு சோதனை செய்யாமல் பற்றரிக் கடைப் பக்கம் போகவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சார்ஜிங்கும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. இஞ்சினை ஓடவிட்டு, திரொட்டிலைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்துக்கொண்டு பற்றரி முனைகளில் அளந்தால் 13.8 தொடக்கம் 14.5 வோல்ற் வரவேண்டும். 13க்குக் கீழே நின்றால் பற்றரி நிரம்பவே இல்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேற்றர் கட்டுப்படுத்தவில்லை, பற்றரி கொதித்துச் சாகும். தினமும் ஓடினால் பிரச்சினை இல்லை என்று நீங்கள் சொல்வதால் உங்களுடையது இங்கே தப்பிவிடும் என்று நினைக்கிறேன்.

இனிக் கசிவு. மஞ்சள் நிறத்தில் எல்லா எலெக்ட்ரிக் கடையிலும் தொங்கும் மலிவு மீற்றரே போதும். திறப்பை (சாவியை) எடுத்துவிடுங்கள். நெகற்றிவ் வயரை மட்டும் கழற்றுங்கள். பொசிற்றிவ் பக்கம் வேலை செய்தால் ஸ்பனர் சேசிஸில் பட்டு நெருப்புப் பறக்கும். கழற்றிய வயருக்கும் பற்றரியின் நெகற்றிவ் முனைக்கும் நடுவே மீற்றரின் இரண்டு கம்பிகளையும் வையுங்கள். பைக்குக்குப் போகிற கரண்ட் முழுவதும் இப்போது மீற்றருக்குள்ளால்தான் போக வேண்டும்.

முதலில் சிவப்புக் கம்பியை 10 அம்பியர் துளையில் போட்டு அளந்து பாருங்கள். அங்கே 0.10க்குக் குறைவாக இருந்தால் மட்டும் 200 மில்லி அம்பியர் துளைக்கு மாற்றுங்கள். அந்தத் துளைக்குப் பின்னால் சின்ன பியூஸ் ஒன்று இருக்கிறது, கூடுதலாகப் போனால் எரிந்துவிடும். எரிந்த பிறகு மீற்றர் எப்போதும் பூச்சியம் காட்டும், நீங்களும் கசிவே இல்லை என்று நம்பிவிடுவீர்கள். மீற்றர் நடுவில் இருக்கும்போது திறப்பைப் போடக்கூடாது, செல்ப்பைத் தொடவே கூடாது. கம்பி வைத்த உடனே எண் துள்ளும். அலாரம், சார்ஜர் போன்றவை முதலில் கொஞ்சம் இழுத்து அடங்கும். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, அடங்கிய எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு இருந்தால் சரி? உங்கள் பைக் மாதிரி காபரேட்டர் வண்டியில், டிஜிட்டல் மணிக்கூடும் அலாரமும் இல்லை என்றால், திறப்பு எடுத்த பிறகு ஏறக்குறைய ஒன்றும் ஓடக்கூடாது. ஒரு மில்லி அம்பியருக்குள் இருந்தால் நிம்மதி. மணிக்கூடு இருந்தால் ஓரிரண்டு கூடும். அதற்கு மேல் எது வந்தாலும் அதற்கு ஒரு காரணம் இருந்தே ஆகவேண்டும். கணக்கு இலகு: 50 மில்லி அம்பியர் ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணியைக் கொண்டுபோகும், 9 அம்பியர் மணிப் பற்றரி நாலு நாளில் பாதியாகும். நீங்கள் சொல்லும் நாலைந்து நாளுக்கு இது பொருந்துகிறது, கவனித்தீர்களா?

எனக்கு முதல் நாள் வந்தது 14. சனிக்கிழமை மதியம், முற்றத்தில் வைத்து அளந்தேன். மெயின் பியூஸைக் கழற்றிப் பார்த்தேன், 14 அப்படியே நின்றது. அப்படியென்றால் இழுக்கிற பொருள் பியூஸுக்கு முன்னாலேயே, நேரே பற்றரியில் பூட்டியிருக்கிறது. ஹாண்டிலில் போன் சார்ஜ் பண்ணப் பூட்டிய யூஎஸ்பி சொக்கற்தான் அது. உள்ளே சின்ன நீல லைற் ஒன்று எந்நேரமும் எரியும், பகலில் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கழற்றியதும் மீற்றர் பூச்சியத்துக்கு வந்தது. அதன் வயரைத் திறப்புப் போட்டால் மட்டும் கரண்ட் வருகிற வயருடன் சேர்த்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து வெள்ளிக்கிழமை, மழைக்குள் வந்து செல்ப்பை அமத்தினால் கட் கட் என்ற சத்தம் மட்டும்.

சனி காலை பற்றரியைச் சார்ஜ் பண்ணிப் பைக்கை எங்கள் ஒழுங்கை முனைக் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பாஸ் முப்பது வருடமாக இந்த வேலை செய்கிறவர். என் கண் முன்னால்தான் அளந்தார். பூச்சியம். “இஞ்ச ஒண்டுமே ஓடல்ல மனே, பற்றரியத்தான் மாத்தோணும்” என்றார். அவர் அளந்தது சரியான அளவு. பகல் பதினொன்றரை மணி, மழை விட்டு நல்ல வெயில், பைக் இரண்டு மணித்தியாலம் அதற்குள் நின்றிருந்தது. அந்த நேரத்தில் உண்மையிலேயே ஒன்றும் ஓடவில்லை.

அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் கச்சான் காலம் முழுக்க பைக் நன்றாக ஓடியது உறைத்தது. எங்கள் பக்கத்தில் கச்சான் அடித்தால் காற்று மேற்கே தரைப் பக்கமிருந்து வரும், காய்ந்த காற்று, கொடியில் போட்ட சாரம் அரை மணித்தியாலத்தில் உலரும். மாரியில் காற்று கடலிலிருந்து வரும், சமையலறைச் சாடியில் உப்புக் கசிந்து அடியில் தண்ணீர் நிற்கும். பற்றரி மாரியில் மட்டும்தான் இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் இரவில்தான் அளக்க வேண்டும்.

ஞாயிறு விடிய ஐந்தரைக்கு எழும்பினேன். சீற்றெல்லாம் பனித்து நனைந்திருந்தது. டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மீற்றரைப் பூட்டினேன். 52. நேற்றுப் பகல் பூச்சியம் காட்டிய அதே பைக், அதே மீற்றர்.

மெயின் பியூஸைக் கழற்றினேன், பூச்சியம். திரும்பப் போட்டேன், 52. ஆகவே கசிவு இந்தத் தடவை பியூஸுக்குப் பின்னால். பியூஸ் ஒன்றே ஒன்று இருக்கிற பைக்கில் இதற்கு மேல் கப்ளர்களைத்தான், அதாவது வயர்கள் ஒன்றோடொன்று பூட்டுகிற பிளாஸ்டிக் இணைப்புகளை, ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். ரெகுலேற்றரைப் பிரித்தேன், 52. ஹோன், பிரேக் லைற் சுவிட்ச், ஒன்றும் மாறவில்லை. ஹெட்லைற் கூட்டைத் திறந்து, திறப்புச் சுவிட்சிலிருந்து வருகிற கப்ளரைப் பிரித்தேன். பூச்சியம்.

பிரித்துப் பூட்டும்போது வயர் அசைந்ததால் எண் மாறியிருக்கலாம் என்று ஒரு சந்தேகம். அதைத் தீர்க்க உள்ளே போய்த் தங்கச்சியின் ஹெயார் ட்ரையரை எடுத்து வந்தேன். கப்ளரைத் திரும்பப் பூட்டி, 52 வந்ததைப் பார்த்துவிட்டு, திறப்புச் சுவிட்சின் அடிப்பக்கம் சூட்டுக் காற்றைப் பிடித்தேன். ஒரு நிமிடம் வரைக்கும் அசைவில்லை, ஒன்றிரண்டு கூடவும் செய்தது. பிறகு 47. 41. 30. ஒவ்வொரு எண்ணாக இறங்கியது. நாலாவது நிமிடத்தில் 9, அப்புறம் 2, அப்புறம் பூச்சியமும் ஒன்றுமாக மாறி மாறி மின்னியது. வயரை ஒரு தடவை கூட நான் தொடவில்லை. அந்த எண்கள் இறங்கியதைப் பார்த்த சந்தோஷம் எனக்கு இன்னும் இருக்கிறது.

நடந்தது இதுதான். திறப்புச் சுவிட்சுக்குள் பற்றரியிலிருந்து வரும் வயர் எப்போதும் கரண்டுடன் நிற்கிறது. அதற்கு சில மில்லிமீற்றர் தள்ளி லைற்றுக்கும் மற்றவற்றுக்கும் போகிற தகடு. நடுவில் பிளாஸ்டிக். பதினைந்து வருடம் கடற்காற்றும் மழையும் திறப்புத் துளையால் இறங்கி அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் உப்புப் படை ஒன்றை விட்டிருந்தது. காய்ந்த உப்பு கரண்டைக் கடத்தாது. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் கறியுப்பே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும், கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னதாகவே நனையும். நனைந்த உப்பு நல்ல கடத்தி. இரவெல்லாம் கரண்ட் அந்த ஈரத்தின் மேலாக மற்றத் தகட்டுக்குப் போய், அங்கிருந்து பல்ப் இழைகள் வழியாகச் சேசிஸுக்கு இறங்கும். வெயில் ஏறினால் வழி காய்ந்துவிடும், மீற்றரும் பூச்சியம் காட்டும்.

சுவிட்சைக் கழற்றி, அடியில் பிளாஸ்டிக் தட்டைத் திறந்தேன். நீங்கள் திறக்கும்போது கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள், உள்ளே சின்னச் சுருள் வில்லுகள் இருக்கின்றன, பாய்ந்தால் மண்ணில் தேடி எடுக்க முடியாது. ஒரு படமும் எடுத்து வையுங்கள். பற்றரி வயர் வந்து சேரும் செப்புத் தகட்டின் ஓரம் பச்சைப் பொருக்கு, பாசி பிடித்த கிணற்றுக்கல் மாதிரி. மற்றத் தகடுகள் கறுத்திருந்தன, அவ்வளவுதான். ஈரமும் உப்பும் இருக்கும் இடத்தில் கரண்ட் ஓடினால் பொசிற்றிவ் பக்கச் செம்புதான் கரையும், பச்சை அங்கே மட்டும் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

கழுவுவதில் பலர் பிழை விடுகிறார்கள். ஸ்பிரே எண்ணெய் அடித்தால் நீர் விலகும், உப்பு அங்கேயே இருக்கும், எண்ணெய் காய அடுத்த மாரிக்குத் திரும்ப வரும். ஸ்பிரிட்டிலும் உப்புக் கரையாது. உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். பற்றரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வோட்டரைக் கொஞ்சம் சூடாக்கி, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து மூன்று தடவை கழுவினேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர், அதைப் பாவித்திருந்தால் வேலை வீண். பிறகு பாமசியில் வாங்கிய சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் ஒரு தடவை கழுவினேன், அது மிச்சத் தண்ணீரை இழுத்துக்கொண்டு சீக்கிரம் காயும். பச்சையை மெல்லிய அரத்தாளால் எடுத்து, ஒரு நாள் வெயிலில் வைத்து, தகடுகளுக்கு நடுவிலுள்ள பிளாஸ்டிக்கில் சிலிக்கன் கிறீஸ் மெல்லிசாகப் பூசி மூடினேன். அடியில் பழைய டியூப் துண்டு ஒன்றை வெட்டி உறை மாதிரி சுற்றிக் கட்டினேன். சுவிட்ச் மிகவும் தேய்ந்திருந்தால் புதிதே போட்டுவிடலாம், பற்றரியை விட விலை குறைவு.

அடுத்த ஞாயிறு விடிய ஐந்தரைக்கு, மழைக்குள், 0.3 மில்லி அம்பியர். மார்கழியில் போட்ட அதே பற்றரி அதற்குப் பிறகு இரண்டு மாரி தாண்டிவிட்டது.

உங்களுடையது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கப்ளர் பிரிக்கும்போது ரெகுலேற்றரில் எண் விழுந்தால் அதற்குள் கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடவேண்டிய டயோட் ஒன்று பின்பக்கமும் கடத்துகிறது, பற்றரிக் கரண்ட் அதனால் திரும்பி, இஞ்சினில் கரண்ட் உண்டாக்குகிற கொயிலுக்குள் போகிறது. மீற்றரை டயோட் அடையாளத்தில் வைத்து கொயில் வயருக்கும் வெளியே வரும் வயருக்கும் இடையே இரண்டு பக்கமாகவும் பாருங்கள். ஒரு பக்கம் அரை வோல்ற் அளவில் காட்டி மறுபக்கம் ஒன்றும் காட்டாமல் இருந்தால் நல்லது. இரண்டு பக்கமும் எண் வந்தால் மாற்றத்தான் வேண்டும். டயோட்டின் கசிவு சூட்டில் கூடும். அதனால் ஓடி வந்து நிறுத்தியவுடனும் ஒரு தடவை அளந்து பாருங்கள். திருட்டுக்குப் பயந்து பூட்டிய அலாரம் இருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். சில பைக்குகளில் திறப்பை இன்னொரு நிலைக்குத் திருப்பி எடுத்தால் பார்க்கிங் லைற் எரிந்துகொண்டே இருக்கும். 5 வாட்ஸ் பல்ப் ஒன்று 9 அம்பியர் மணியை ஒரு நாளுக்குள் முடித்துவிடும், ஆனால் உங்களுக்கு நாலு நாள் தாங்குவதால் அது இல்லை.

தண்ணீர் ஊற்றுகிற வகைப் பற்றரி என்றால் அதன் மேல்மூடியையும் பாருங்கள். அசிட் கசிந்து தூசியுடன் சேர்ந்து படையாக இருந்தால் இரண்டு முனைக்கும் நடுவே அதற்கு மேலாகவே கரண்ட் ஓடும். மீற்றரின் கறுப்புக் கம்பியை நெகற்றிவ் முனையிலும் சிவப்பை மூடியின் பிளாஸ்டிக்கிலும் வைத்து வோல்ற் பாருங்கள். எண் ஏதாவது வந்தால் அந்தப் படை கடத்துகிறது. அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் துடைத்தால் போய்விடும், மூடித் துளைகளுக்குள் மட்டும் இறங்க விடாதீர்கள். நெகற்றிவ் வயரைக் கழற்றி நாலு நாள் விட்டும் பற்றரி இறங்கினால், கடைக்குப் போகுமுன் இதையும் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள்.

நீங்கள் இருப்பது கடற்கரையிலிருந்து இரண்டு வீதி என்பதால் நான் முதலில் திறப்புச் சுவிட்சைத்தான் சந்தேகிப்பேன். பைக் இரவு முழுக்க வெளியே நிற்கட்டும். விடிய வெயில் படுமுன் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை அளந்து, இரண்டு எண்ணையும் மெயின் பியூஸ் கழற்றினால் என்ன ஆகிறது என்பதையும் கீழே எழுதுங்கள். அதைப் பார்த்து அடுத்து எந்தக் கப்ளரைப் பிரிக்கலாம் என்று சொல்கிறேன்.